கொங்கிறீட்டில் யாருடைய பெயர்?

யாழ்ப்பாணத் தீவகத்து வேலணையில் வங்களாவடிச் சந்தியிலிருந்து எந்தப் பக்கம் திரும்பினாலும் சீமெந்தில் பொறித்த பெயர்கள் கண்ணில் படும். கோயில் வளைவு, பள்ளிக்கூட மதில், தண்ணீர்த் தொட்டி, பஸ் தரிப்பிடத்து வாங்கு எல்லாவற்றிலும் ‘உபயம்’ என்று போட்டு, கீழே ஒரு பெயரும் அதற்கும் கீழே கனடா, சுவிஸ், பிரான்ஸ் என்று ஒரு நாடும் இருக்கும். காசு தந்தவர் யார், யாருடைய நினைவாகத் தந்தார், திறந்து வைத்த பிரதம அதிதிக்கு என்னென்ன பட்டங்கள் என்பதெல்லாம் கல்லில் கிடைக்கும். கலவை குழைத்தவர், கம்பி கட்டியவர், பலகை அடித்தவர் யார் என்பது மட்டும் கிடைக்காது.

இந்தக் குறையைக் கொஞ்சமாவது தீர்க்கிற ஏற்பாடுகள் வேறு இடங்களில் உண்டு. அமெரிக்கக் கொங்கிறீட் நிறுவகம் 2015 முதல் ஆண்டுதோறும் சிறந்த கொங்கிறீட் கட்டுமானங்களுக்கு விருது கொடுத்து வருகிறது. வெற்றி பெற்ற கட்டடத்தை அறிவிக்கும்போது உரிமையாளர், கட்டடக் கலைஞர், பொறியியலாளர் பெயர்களோடு நிறுத்துவதில்லை. பிரதான ஒப்பந்தக்காரர், கொங்கிறீட் போட்ட ஒப்பந்தக்காரர், கலவை கொண்டுவந்து ஊற்றிய கம்பனி வரை பெயர் சொல்கிறார்கள். சென்னையைத் தலைமையகமாகக் கொண்டு 1982இல் தொடங்கிய இந்தியக் கொங்கிறீட் நிறுவகமும் இப்படிப் பரிசு கொடுக்கிறது. செப்டெம்பர் 7ஆம் திகதியைக் கொங்கிறீட் தினம் என்று வைத்து, மாநிலம் மாநிலமாகச் சிறந்த கட்டுமானங்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். ஒரு சீமெந்துக் கம்பனியின் பெயரும் அந்த விருதோடு ஒட்டியிருக்கும். சரக்கு விற்பவரே சரக்கைப் பாராட்டுகிறார் என்று சிரிக்கலாம். ஆனால் இந்தத் தொழில் தன்னைத் தானே பாராட்டத் தொடங்கியதற்குப் பின்னால் ஒரு பழைய அவமானம் இருக்கிறது.

ஜோசப் ஆஸ்ப்டின் என்ற இங்கிலாந்துக் கொத்தனார் 1824இல் போட்லன்ட் சீமெந்துக்குக் காப்புரிமை எடுத்தார். 1900இல் ஹார்மன் பாமர் என்ற அமெரிக்கர், உள்ளே பொள்ளலான கொங்கிறீட் கல் அரிய ஓர் அச்சு இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றார். அச்சை வாங்கியவரெல்லாம் ஒரே நாளில் கட்டடக்காரராகிவிட்டார்கள். கலவைக்குக் கணக்குக் கிடையாது, தண்ணீருக்கு அளவு கிடையாது. நடைபாதைகள் பிளந்தன, சுவர்கள் உதிர்ந்தன, சீமெந்து என்றாலே ஏமாற்று என்ற பேச்சு எழுந்தது. அந்தக் கெட்ட பெயரைக் கழுவத்தான் 1905இல் இண்டியானாபோலிஸ் நகரில் சீமெந்து பயன்படுத்துவோர் சங்கம் ஒன்று கூடியது. 1913இல் அதுவே பெயர் மாறி அமெரிக்கக் கொங்கிறீட் நிறுவகமானது. முதலில் ஒழுங்குவிதிகள் எழுதினார்கள். மேடை, கேடயம், கைதட்டல் எல்லாம் வெகுகாலம் கழித்துத்தான் வந்தன.

தீவகத்தில் கதை வேறு விதமாகத் தொடங்குகிறது. இங்கே சீமெந்துக்கு முந்திய மூலப்பொருள் காலடியிலேயே கிடந்தது. கடலில் முருகைக்கல், கரையில் சிப்பியும் சங்கும், மேட்டில் பனை. முருகைக்கல்லைச் சூளையில் சுட்டு, நீற்றி, மணலோடு அரைத்தால் சுண்ணாம்புச் சாந்து. அதே முருகைக்கல்லைச் சுடாமல் அடுக்கினால் சுவர். நெடுந்தீவில் சாந்தே இல்லாமல் கல்மேல் கல்லாக அடுக்கிய வேலிகள் வளவுக்கு வளவு ஓடுகின்றன. காற்றுக்குக் கிடுகு வேலி நின்றுபிடிக்காத தீவில் அது ஆடம்பரமில்லை, தேவை. அந்த வேலிகளைக் கட்டியவர்கள் எவர் பெயரும் எந்த ஏட்டிலும் இல்லை; படமெடுக்க வரும் சுற்றுலாக்காரர்கள் மட்டும் குறையவில்லை.

ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவில் கடலில் நிற்கும் கோட்டை இந்தக் கட்டடக் கலைக்குப் பெரிய சாட்சி. போர்த்துக்கேயர் முருகைக்கல்லால் கட்டியதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்து ஹமன்ஹில் என்று பெயரிட்டார்கள். உள்ளே இருந்தவர்களைத் தோற்கடித்தது பீரங்கியை விடத் தாகம்தான். குடிதண்ணீர் தீர்ந்து சரணடைந்தார்கள். அந்தப் படையோடு வந்த போதகர் பால்டேயஸ், 1672இல் வெளியான தன் நூலில் கட்டட வேலைக்காரருக்குப் பிடிக்கக்கூடிய ஒரு குறிப்பையும் விட்டுச் சென்றார். போர்த்துக்கேயர் கொத்தளத்தின் அடியைப் பொள்ளலாக விட்டு, மேலே மரத்துலாம் பரப்பி, அதன்மேல் கல்லும் சுண்ணாம்பும் போட்டுத் தளம் அமைத்திருந்தார்களாம். உப்புக் காற்றில் மரம் உக்கிப்போகும் என்று கண்ட ஒல்லாந்தர் துலாங்களை எடுத்துவிட்டுக் கல்லால் வளைவு கட்டினார்கள். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு பொருள்களைச் சேர்த்துத் தளம் போட்டால், உள்ளே இருப்பது உக்கி வெளியே இருப்பதை விழுத்தும். மரம் இருந்த இடத்தில் இன்று இரும்புக் கம்பி இருக்கிறது. மற்றபடி பிரச்சினை அப்படியே இருக்கிறது. அந்தக் கோட்டையோ பின்னாளில் சிறையாகி, இப்போது கடற்படையின் விடுதியாக நிற்கிறது.

விருது என்ற பெயரில் இல்லாவிட்டாலும், வேலை செய்தவரைச் சபையில் வைத்து மதிக்கிற வழக்கம் யாழ்ப்பாணத்துக்குப் புதிதில்லை. வீடு கட்ட நிலையம் எடுப்பதில் தொடங்கி, அத்திவாரக் கல் வைத்து, வாசல் நிலை வைத்து, வளை ஏற்றும் வரை ஒவ்வொரு கட்டத்திலும் மேசனுக்கும் தச்சு ஆசாரிக்கும் வெற்றிலையும் காசும் உண்டு. குடிபூரல் அன்று வேட்டி சால்வை கொடுத்து, பந்தியில் இருத்திச் சோறு போடுவார்கள். கோயிலென்றால் மரியாதை இன்னும் பெரிது. கும்பாபிஷேகத்தன்று ஸ்தபதிக்குப் பொன்னாடை போர்த்தி, பட்டமும் கொடுத்து அனுப்புவார்கள். நயினாதீவு நாகபூஷணி அம்மன் கோயிலின் 108 அடி இராஜகோபுரம் 2012இல் எழுந்தது. நல்லூரில் தெற்கு வாசலில் 2011இலும் வடக்கு வாசலில் 2015இலும் பெருங்கோபுரங்கள் எழுந்தன. இப்படிப்பட்ட திருப்பணிகளில் ஸ்தபதியின் பெயர் மலரில் அச்சாகும். சாரத்தில் நின்று சுதை பூசிய கைகளின் பெயர் அங்கும் அச்சாவதில்லை. மரியாதை உண்டு, ஆனால் அது அன்றைய பந்தியோடு முடிந்துவிடும். எழுத்தில் ஏறுவது உபயகாரர் பெயர்தான்.

சுண்ணாம்பின் காலத்தை முடித்து வைத்தது காங்கேசன்துறை. ஜி.ஜி. பொன்னம்பலம் கைத்தொழில் அமைச்சராக இருந்த நாளில், 1950இல், இலங்கையின் முதலாவது சீமெந்துத் தொழிற்சாலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. சுண்ணக்கல்லை அந்த நிலத்திலேயே வெட்டினார்கள். களிமண் மன்னார்ப் பக்கத்து முருங்கனிலிருந்து வந்தது. இரண்டையும் 1,400 பாகைக்கு மேலான சூட்டில் எரித்து அரைத்துப் பையில் போட்டார்கள். தீவகத்துச் சுண்ணாம்புச் சூளைக்கு அதில் முக்கால் பங்குக்கும் குறைந்த சூடே போதும். மற்றபடி இரண்டும் நெருங்கிய உறவுக்காரச் சரக்குத்தான். ஆனால் மேசனுக்கு இரண்டும் இரண்டு தொழில். சுண்ணாம்பு மாதக்கணக்கில் ஆறுதலாக இறுகும், தப்பைத் திருத்த அவகாசம் தரும். சீமெந்து சில மணித்தியாலங்களில் இறுகிவிடும். பகல் சாப்பாட்டுக்கு முன் குழைத்த கலவையைச் சாப்பிட்டு வந்து பூச முடியாது.

கல்வீடு அதுவரை வசதியான குடும்பங்களின் அடையாளமாக இருந்தது. கள்ளிக்கோட்டை ஓடு போட்ட நாற்சார் வீடும் அதன் தடித்த சுவரும் கப்பல் காசும் சுருட்டுக் கடைக் காசும் கண்ட வீடுகளுக்கே கைகூடின. சீமெந்துக் கல் வந்த பிறகு ஓர் ஆசிரியர், ஒரு லிகிதர், கொழும்பில் கடையில் நின்று காசு சேர்த்த ஒரு பொடியன் எல்லாரும் கல்வீடு கட்டலாம் என்றாயிற்று. முருகைக்கல் எடுப்பதற்குச் சட்டமும் பிறகு தடை போட்டது. 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டமும் 1988இன் திருத்தமும் கரையோர வலயத்தில் கல் எடுப்பதையும் சுடுவதையும் குற்றமாக்கின. சூளைகள் அவிந்தன.

கல் அரிகிற இடத்தைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்க்க வேண்டும். ஒரு பூவரசின் கீழே துப்புரவாக்கிய தரை, ஒரு இரும்பு அச்சு, மண்வெட்டி, வாளி. ஆறு இஞ்சிக் கல்லென்றால் ஒரு பங்கு சீமெந்துக்கு ஆறோ எட்டோ பங்கு மண் என்று ஆளுக்கொரு கணக்கு. கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், ஆனால் விரலிடுக்கில் தண்ணீர் வழியக்கூடாது. கலவையின் ஈரத்துக்கு அதுதான் சோதனை. அச்சில் நிரப்பி, மேலே அடித்து, அச்சைத் தூக்கினால் கல் நிற்கும். அன்று அது வெறும் மண்ணுக்குச் சமம், விரலால் தட்டினால் உதிரும். அதற்குப் பிறகு ஒரு கிழமையாவது சாக்குப் போட்டுத் தண்ணீர் விட வேண்டும். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துத்தான் இறுகும். தீவகத்தில் அந்தத் தண்ணீர்தான் அருமை. சாட்டிப் பக்கத்து நன்னீர்க் கிணறுகள் குடிக்கவே போதாத கோடையில் கல்லுக்கு யார் தண்ணீர் விடுவது? பக்கத்துக் கிணற்றின் உவர்நீரை அள்ளி ஊற்றி விடுவார்கள். மண்ணிலும் அதே இக்கட்டு. மண்கும்பான், அல்லைப்பிட்டி மணல் மேடுகளைத் தோண்டுவது ஊரில் ஓயாத சண்டை. கடற்கரை மண்ணோ உப்பைக் கொண்டு வரும். நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் 50 கிலோப் பைகள் குறிகட்டுவானிலிருந்து படகேறிப் போக வேண்டும். கடல் கொந்தளித்தால் படங்கு போர்த்தினாலும் இரண்டு பை கட்டியாகித்தான் இறங்கும்.

வடக்கில் சீமெந்துக் கல் பரவிய காலத்தில் இலங்கையின் தெற்கில் கொங்கிறீட் பெரிய விளையாட்டுகள் காட்டியது. ஏ.என்.எஸ். குலசிங்க என்ற பொறியியலாளர் முன்தகைத்த கொங்கிறீட்டை நாட்டில் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். கொழும்புத் துறைமுக வாசலில் குறுக்குமறுக்கான வளைவுகளின் மேல் தூக்கி வைத்தாற்போல் நிற்கும் சம்போதி சைத்தியமும், 1965 கைத்தொழில் கண்காட்சிக்காகத் தாமரை வடிவில் எழுந்த கோளரங்கமும் அவர் கைவண்ணம். நாடு அவருக்குத் தேசமான்ய பட்டம் கொடுத்தது. யாழ்ப்பாணத்தில் சென்னைக் கட்டடக் கலைஞர் நரசிம்மனின் வரைபடத்தில் உருவான பொது நூலகம் 1959இல் திறக்கப்பட்டது. 1981இல் தீ வைக்கப்பட்டபோது 97,000 அளவில் நூல்கள் எரிந்தன. சுவர்களும் கோபுர மாடமும் நின்றன. பின்னர் அதே உருவில் திருத்தி எழுப்ப முடிந்ததற்கு அந்த எலும்புக்கூடு காரணம். அதைக் கட்டிய கொத்தனார்களுக்கு இதைவிடப் பெரிய நற்சான்று யாராலும் எழுதிக் கொடுக்க முடியாது, அப்படியொரு நற்சான்று தேவைப்பட்டிருக்கவும் கூடாது.

விருது பெற்ற கொங்கிறீட் என்றால் தென்னாசியாவில் முதலில் நினைவுக்கு வருவது டில்லியின் பஹாய் ஆலயம், தாமரைக் கோயில். ஃபரிபோர்ஸ் சாபா வரைந்த அந்த 27 இதழ்களையும் கட்டியது எல் அன்ட் டி நிறுவனத்தின் சென்னைக் கிளையான ஈ.சி.சி. 1986இன் முடிவில் திறந்தார்கள். முன்பு சொன்ன ஆண்டு விருது தொடங்குவதற்கு வெகு முன்பே, 1990இல், அமெரிக்கக் கொங்கிறீட் நிறுவகத்தின் விருதும் வந்தது. ஓர் இதழில் வேலை தொடங்கினால் இடையில் பொருத்து விழாமல் இருக்க இரண்டு நாள் இரவு பகலாகக் கொங்கிறீட் போட்டார்கள். டில்லி வெயிலில் கலவை சூடேறாதபடி பனிக்கட்டி சேர்த்தார்கள். அந்தக் கலவை மேலே போனது பெண்களின் தலையில். ஆளுக்கு 50 இறாத்தல் சட்டி, சாரப் படியில் வரிசையாக. உலகம் வியந்த வளைவுக்குப் பின்னால் கணினிக் கணக்கும் இருந்தது, தலைச்சுமையும் இருந்தது. விருதுப் பத்திரத்தில் கணக்குக்கு இடம் கிடைத்தது.

தீவகத்துக்கு வருவோம். கொங்கிறீட் எவ்வளவு அழகானது என்பதைவிட உப்புக்கு எவ்வளவு காலம் தாக்குப்பிடிக்கும் என்பதே இங்கே கேள்வி. புதுக் கொங்கிறீட் கடுங்காரத்தன்மை உடையது. அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியின் மேல் மெல்லிய காப்புப் படலம் ஒன்றை உண்டாக்கும். கடல் உப்பின் குளோரைட்டு உள்ளே இறங்கினால் படலம் போய்விடும். கம்பி துருவாகும்போது பருத்து, கொங்கிறீட்டை உள்ளிருந்து வெடிக்க வைக்கும். காற்றில் வருகிற உப்பு கம்பிக்குப் போய்ச் சேர ஆண்டுகள் எடுக்கும். கலவையிலேயே உவர்நீரும் கடல்மண்ணும் போட்டிருந்தால் வழியே தேவையில்லை, அது முதல்நாளே கம்பியோடு குடியிருக்கும். பலகைக்கும் கம்பிக்கும் இடையில் சின்னக் கல் வைத்து ஓர் இஞ்சி இடைவெளி விடாத மேசனின் தளம், பத்துப் பதினைந்து வருடத்தில் அடியில் கருஞ்சிவப்புக் கோடு காட்டும்.

இதே பாக்குநீரிணையின் மறுகரையில் இது ஒரு முழு விஞ்ஞானம். காரைக்குடியில் அழகப்பச் செட்டியார் கொடுத்த நிலத்தில் 1948இல் அடிக்கல் நாட்டிய மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனம், மண்டபத்தில் அரிமானச் சோதனை நிலையம் ஒன்றை வைத்து உலோகத் துண்டுகளை உப்புக் காற்றில் காயப்போட்டு ஆராய்கிறது. அதற்குப் பக்கத்தில் பாம்பனில் கொங்கிறீட் வீதிப் பாலம் 1988 ஒக்டோபர் 2ஆம் திகதி ராஜீவ் காந்தி கையால் திறக்கப்பட்டது. 2.3 கிலோமீற்றர் நீளம். கட்டி முடிக்க 14 வருடம் பிடித்தது. அருகில் 1914இல் போட்ட இரும்பு ரயில் பாலம் ஓயாத பராமரிப்பால் நூறு வருடம் தாண்டி ஓடி, 2022இல் ஓய்ந்தது. புதிய ரயில் பாலம் 2025 ஏப்ரலில் திறந்தது. மண்டைதீவு, வேலணை, புங்குடுதீவை இணைக்கும் தாம்போதிகளில் போகிறவர்கள் அனுபவிக்கும் காற்றும் அதே காற்றுத்தான். ஆனால் இந்தப் பக்கத்து மேசனுக்கு மண்டபத்து முடிவுகள் கைக்கெட்டிய தூரத்தில் இருந்தும் காதுக்கு எட்டவில்லை.

1990இல் யுத்தம் மூண்டதும் காங்கேசன்துறை ஆலை நின்றது. வடக்குக்குப் போகக்கூடாத பொருட்களின் பட்டியலில் சீமெந்து முதல் வரிசையில் ஏறியது; பதுங்குகுழிக்கு உதவும் என்பது காரணம். தீவகத்தை இராணுவம் பிடிக்க, சனம் குடாநாட்டுக்கும் அங்கிருந்து வெளிநாட்டுக்கும் போனது. பூட்டிய வீடுகளின் நிலை, கதவு, ஓடு, வளை எல்லாம் கழன்று போயின. ஒன்றும் செய்ய முடியாமல் நின்றவை சுவர்களும் தளங்களும். சில தளங்கள் கம்பிக்காக உடைபட்டன. மிச்சம் இருந்தவை ஆள் இல்லாமல், வெள்ளை அடிக்காமல், நீர் வடிகால் அடைபட்டு, மேலே ஆலங்கன்று முளைத்து இருபது வருடம் கிடந்தன. எந்த ஆய்வுகூடமும் இத்தனை கடுமையான சோதனையை நடத்தியிருக்காது. நன்றாகக் குழைத்த கலவை எது, ஏமாற்றிய கலவை எது என்று திரும்பி வந்தவர்களுக்குச் சுவரே காட்டிக் கொடுத்தது.

யுத்தத்துக்குப் பிந்திய இலங்கைக்குச் சீமெந்து உலகின் பெரிய விருது ஒன்று வந்து சேர்ந்தது. சுவிற்சர்லாந்துச் சீமெந்துக் கம்பனி ஹொல்சிம் 2003இல் தொடங்கிய அறநிதியம் கொடுக்கும் விருது அது. 2015இல் உலக அளவிலான வெள்ளி விருது அம்பேபுஸ்ஸவில் எழுந்த நூலகத்துக்குக் கிடைத்தது. வடிவமைத்தவர்கள் மிலிந்த பதிராஜ, கங்கா ரத்நாயக்க. கட்டியவர்கள் இராணுவச் சிப்பாய்கள். துவக்கை வைத்துவிட்டு வந்தவர்களுக்கு வேலை பழக்குவதே கட்டடத்தின் பாதி நோக்கம், அரைகுறைப் பழக்கமுள்ள கையும் பிழைவிடாமல் செய்யக்கூடிய முறைகளை வைத்தே வரைந்தார்கள். சுவர்கள் பெரும்பாலும் அடித்து இறுக்கிய மண். சீமெந்துக் கம்பனி மண் சுவருக்குப் பரிசு கொடுத்ததில் ஒரு வேடிக்கை உண்டு. என்றாலும் கட்டுகிற கைகளை நடுவில் வைத்து எண்ணிய ஒரு கட்டடத்தைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதற்கு அந்த நடுவர்களைப் பாராட்டத்தான் வேண்டும். வடக்கில் அப்படியொரு கட்டடம் அந்த நாளில் எழாதது கவலை. பழக வேண்டிய கைகள் இங்கேயும் நிறைய இருந்தன.

வடக்குக்கு வந்தது வேறு. இந்திய உதவியில் 2012 முதல் வீட்டுக்காரரே கட்டும் திட்டம் நடந்தது. ஒரு வீட்டுக்கு ஐந்தரை இலட்சம் ரூபா, அத்திவாரம், சுவர், கூரை என்று கட்டம் கட்டமாகக் கையில் வந்தது. கணவரை இழந்த பெண்கள் பலர் மேசனைப் பிடித்து, சீமெந்துக்குக் கடையில் கடன் சொல்லி, தாங்களே கல்லுக்குத் தண்ணீர் விட்டார்கள். பிறகு இலங்கை அரசு 65,000 இரும்பு வீடுகளைக் கொண்டுவரப் புறப்பட்டது. ஆர்செலர்மிட்டல் நிறுவனத்தின் தயார்நிலை வீடு, ஒன்று 21 இலட்சம் ரூபா அளவில். புதுமை, வேகம், வெளிநாட்டுத் தொழில்நுட்பம் எல்லாம் இருந்தன. வெயிலுக்கும் உப்புக்கும் இது சரிவராது, இந்தக் காசில் இரண்டு கல்வீடு கட்டலாம், வேலையும் ஊரிலேயே நிற்கும் என்று வடக்கு எதிர்த்தது. 2016, 2017இல் பத்திரிகைகளில் எல்லாம் இதே வாதம். கடைசியில் இரும்பு வீடு ஒதுங்கி, கல்லும் சீமெந்தும் கொண்ட வீட்டுக்கே திட்டம் திரும்பியது.

விருது கொடுக்கிறவர்கள் திறப்பு விழா முடிந்த கையோடு வந்து படம் எடுத்துப் போகிறார்கள். ஈரம் காயாத தளம் எல்லாமே அழகுதான். அமெரிக்கக் கட்டடக் கலைஞர் நிறுவகமோ 1969 முதல் கால் நூற்றாண்டு தாண்டியும் மதிப்புக் குறையாத கட்டடங்களுக்கென்று தனி விருது வைத்திருக்கிறது. அப்படியொரு விருதை இங்கேயும் வைக்கலாம். தீவகம் தெற்குப் பிரதேச செயலகம் வேலணையில்தான் இருக்கிறது. வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, மண்டைதீவு எல்லாம் அதன் கீழே. 1990க்கு முன் கட்டி, இருபது வருடம் அநாதையாகக் கிடந்து, இன்றும் தளத்தின் அடியில் துருக்கோடு விழாமல் நிற்கிற வீடுகளை எண்ணி எடுப்பது ஓர் உத்தியோகத்தருக்குச் சில கிழமை வேலை. எந்த வீட்டை எந்த மேசன் கட்டினார் என்று ஊரில் கேட்டால் இன்னும் சொல்வதற்கு ஆட்கள் இருக்கிறார்கள். எழுபது எண்பது வயதானவர்கள், கேட்பதானால் இப்போதே கேட்க வேண்டும்.